ஒரே கேள்வித்தாள், வேறு வேறு விடைகள்: ஜப்பானிய மாயப் படங்களை ஒப்பிடுவது எப்படி?

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம். போன விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன் நான்கு நாளில் ஐந்து ஜப்பானிய அனிமேஷன் படங்களைப் பார்த்து முடித்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதான் சித்தி. ஒரு பொண்ணு இருப்பா, ஒரு காடு இருக்கும், பெருசா ஏதோ ஒரு ஜந்து வரும், கடைசியில இயற்கையைக் காப்பாத்தணும்னு முடிச்சிருவாங்க" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. இந்தப் படங்களைப் பற்றி இணையத்தில் நடக்கும் பேச்சில் பாதி இப்படித்தான் இருக்கிறது. 2025 மார்ச்சில் ஆளாளுக்குத் தங்கள் குடும்பப் புகைப்படத்தை 'கிப்லி' என்ற ஜப்பானிய அனிமேஷன் ஸ்டூடியோவின் பாணிப் படமாக மாற்றிப் போட்டார்களே, அதன் பிறகு அந்த ஸ்டூடியோவின் பெயர் தெரியாதவர்கள் குறைவு. (ஜப்பானியர்கள் 'ஜிபுரி' என்கிறார்கள். நமக்குக் கிப்லி என்றே பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.) ஆனால் பலருக்கு அது ஓர் ஓவிய பாணியாக மட்டுமே தெரியும். பாணி ஒன்றுபோல இருப்பதால் கதைகளும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

சரி, இரண்டு படங்களையோ இரண்டு பாத்திரங்களையோ ஒப்பிடுவது என்றால் என்ன? அடிப்படையிலிருந்து பார்ப்போம். படங்களை முன்பே பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பொருத்தம்

பெரும்பாலான ஒப்பீடுகள் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் முறையில் நடக்கின்றன. 1984இல் வந்த 'நாவ்சிகா'வின் நாயகி பறக்கிறாள். 1989இல் வந்த 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' நாயகியும் பறக்கிறாள். டிக். இரண்டு பேரும் தைரியசாலிகள். டிக். இரண்டையும் இயக்கியவர் ஹயாவோ மியாசாகி. டிக். பத்துக்கு எட்டுப் பொருத்தம் வந்துவிட்டது என்று கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். எட்டுப் பொருத்தம் வந்த தம்பதி ஒரே வீட்டில் எப்படி வாழப்போகிறார்கள் என்பது ஜோசியருக்கே தெரியாது. அந்த இரண்டு படங்களைப் பற்றியும் இந்த டிக்குகள் நமக்கு ஒன்றும் சொல்வதில்லை.

இதையே தேர்வு அறையில் வைத்துப் பாருங்கள். இரண்டு மாணவர்கள் தேர்வு எழுதியிருக்கிறார்கள். இருவரும் நீல மையில் எழுதியிருக்கிறார்கள், இருவர் கையெழுத்தும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எடுத்துச் சொன்னால் அது உண்மைதான், பயன் இல்லை. ஒரே கேள்விக்கு ஒருவன் என்ன எழுதினான், மற்றவன் என்ன எழுதினான் என்று பார்த்தால்தான் இரண்டு பேரைப் பற்றியும் ஏதாவது தெரியவரும். ஒப்பீட்டுக்கு முதலில் வேண்டியது பொதுவான கேள்வி. ஒரு படம் தன் பாத்திரங்களிடம் கேட்கும் அந்தக் கேள்வியைத்தான் விமர்சகர்கள் பாடுபொருள், மையக்கருத்து, தீம் என்று பல பெயரில் சொல்கிறார்கள். பாத்திரம் என்பவர் அந்தக் கேள்விக்குத் தன் செயலால் விடை எழுதுகிறவர்.

முதல், கரு, உரி

படத்தின் கேள்வியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டால், நம்மிடமே ஒரு நல்ல கருவி இருக்கிறது. தொல்காப்பியம் ஒரு பாடலை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது. முதற்பொருள் என்றால் இடமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த இடத்தில் இருக்கும் தெய்வம், மரம், விலங்கு, உணவு, தொழில் முதலியவை. உரிப்பொருள் என்றால் அங்கே மனிதர்களுக்குள் நடக்கும் உணர்வும் ஒழுக்கமும். குறிஞ்சியில் மலையும் நள்ளிரவும் முதல். முருகன், வேங்கை மரம், மயில், தினை எல்லாம் கரு. காதலர் கூடுவது உரி. மயில் வருகிறது என்பதற்காக அந்தப் பாட்டு மயிலைப் பற்றியது என்று யாரும் சொல்வதில்லை.

இடையில் ஒரு விஷயம். இன்றைக்குப் பத்திரிகைகளில் 'மாநாட்டின் கருப்பொருள்' என்று எழுதும்போது தீம் என்ற பொருளில்தான் எழுதுகிறார்கள். நான் இங்கே பழைய பொருளில் பயன்படுத்துகிறேன். காட்சியில் கண்ணுக்குத் தெரிகிற பொருள்களும் உயிர்களும் கரு, அவ்வளவுதான்.

இப்போது 1997இல் வந்த 'பிரின்சஸ் மோனோனோகே'யை எடுத்துக்கொள்ளுங்கள். முரோமாச்சி காலத்து (14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பான், அடர்ந்த மலைக்காடு: இது முதல். ஓநாய், காட்டுப்பன்றி, மரத்தில் வாழும் கொடாமா என்ற வெண்ணிறக் குட்டி ஆவிகள், இரும்பு உலை, துப்பாக்கி: இவை கரு. என் அக்கா மகன் பட்டியல் போட்டது முழுக்க இந்த இரண்டு வரிசையில்தான் வரும். உரி எது? இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கும் ஒரு சண்டைக்கு நடுவே நிற்கிறவன், யாரையும் வெறுக்காமல் வாழ முடியுமா என்ற கேள்வி.

"இயற்கையைக் காப்பாற்று" என்பது இந்த மூன்றிலும் சேராது. அது படிப்பினை. படம் முடிந்து வெளியே வரும்போது நாமாக எடுத்துக்கொண்டு வருவது. படத்துக்குள் அது இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. கேள்வியையும் படிப்பினையையும் ஒன்றாக்கிவிடுவதுதான் இந்தப் பேச்சில் இருக்கும் பெரிய குழப்பம் என்று நினைக்கிறேன்.

இதுவரை வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: கண்ணில் படுவது முதலும் கருவும். படம் கேட்கும் கேள்வி உரி. பாத்திரங்களை ஒப்பிட வேண்டுமானால் உரியின் அருகே நிற்க வைத்து ஒப்பிட வேண்டும்.

கரு ஒன்று, உரி இரண்டு: தொலைந்துபோகும் பெயர்

'ஸ்பிரிட்டட் அவே' (2001) படத்தில் சிஹிரோ என்ற 10 வயதுப் பெண் பெற்றோருடன் புது ஊருக்குக் குடிபோகிறாள். வழியில் ஆளில்லாத ஒரு கடைத்தெருவில் பெற்றோர் கேட்காமல் கொள்ளாமல் சாப்பிட்டுப் பன்றிகளாகிவிடுகிறார்கள். காசும் கிரெடிட் கார்டும் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்பது அப்பாவின் வாதம். அவர்களை மீட்க, தெய்வங்கள் குளிக்க வரும் ஒரு பெரிய குளியல் மாளிகையில் சிஹிரோ வேலைக்குச் சேர வேண்டியிருக்கிறது. முதலாளி யுபாபா என்ற சூனியக்காரி. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியதும் அந்தப் பெயரிலிருந்து எழுத்துகளை உரித்து எடுத்துக்கொள்கிறாள். 'சிஹிரோ' என்பது ஜப்பானியத்தில் இரண்டு சித்திர எழுத்து. அதில் 'ஆயிரம்' என்று பொருள்படும் எழுத்து மட்டும் தாளில் மிச்சம் இருக்கிறது. தனியாக நின்றால் அதை 'சென்' என்றுதான் படிக்க வேண்டும். ஒரு குழந்தையின் பெயர் ஓர் எண்ணாகிவிட்டது. பழைய பெயரை மறந்தால் வீடு திரும்ப வழியே இல்லை என்று ஹாகு என்ற பையன் அவளை எச்சரிக்கிறான். அவனே தன் பெயரை மறந்தவன்.

இயக்குநர் மகோட்டோ ஷின்காயின் 'யுவர் நேம்' (2016) படத்திலும் பெயர் தொலைகிறது. மலைநாட்டுச் சிற்றூரில் இருக்கும் மிட்சுஹா, டோக்கியோவில் இருக்கும் டாகி என்ற இருவரும் உறக்கத்தில் உடல் மாறுகிறார்கள். ஒருவர் கைப்பேசியில் மற்றவர் குறிப்பு எழுதி வைக்கிறார்கள். பாதிப் படத்தில் ஓர் இடி இறங்குகிறது: அவள் வாழ்ந்த ஊர் மூன்று வருடம் முன்பே வால்மீன் துண்டு விழுந்து அழிந்துவிட்டது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியிலிருந்து குறிப்புகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பெயரும் போகிறது. அந்தி நேரத்தில் ஒருமுறை நேரில் சந்திக்கும்போது, மறக்காமல் இருக்கப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொள்வோம் என்கிறான். அவள் தன் முறைக்கு ஒரே ஒரு கோடு இழுத்ததுமே காணாமல் போகிறாள். பிறகு அவள் கையை விரித்துப் பார்த்தால் அவன் எழுதியிருப்பது பெயரே இல்லை, 'உன்னைப் பிடிச்சிருக்கு' என்பது.

பொருத்தம் பார்க்கிறவர் இரண்டிலும் 'பெயர் மறத்தல்' என்று டிக் போடுவார். உரியைப் பாருங்கள். சிஹிரோ மறக்கப் போவது தன் பெயரை. அதை எடுத்துக்கொண்டது ஒரு முதலாளி, ஒரு ஒப்பந்தத்தின் வழியாக. சம்பளத்துக்கு உழைக்கும் இடத்தில் நான் யார் என்பதை எப்படிக் கையில் வைத்திருப்பது என்று அந்தப் படம் கேட்கிறது. டாகி மறப்பது இன்னொருத்தியின் பெயரை. எடுத்துக்கொண்டது காலமும் பேரழிவும். போய்ச் சேர்ந்தவர்களை, இல்லாமல்போன ஊரை, நாம் எவ்வளவு நாள் நினைவில் வைத்திருப்போம் என்பது இங்கே கேள்வி. 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் இந்தக் கதைக்குப் பின்னால் இருப்பதை ஷின்காய் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஆக, சிஹிரோவையும் டாகியையும் அருகருகே வைப்பதில் பெரிய பயன் இல்லை. ஆனால் சிஹிரோ ஹாகுவின் பெயரை நினைவுபடுத்தும் காட்சியை டாகிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்ன வயதில் தான் தவறி விழுந்த ஓர் ஆற்றின் பெயர் அவள் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த ஆறுதான் ஹாகு. இங்கே ஒருத்தி இன்னொருவனுடைய பெயரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்க்கிறாள். டாகியால் முடியாதுபோனது அதுதான். இரண்டு படமும் ஒரே கேள்வியைத் தொடும் இடம் இது ஒன்றே.

கரு இரண்டு, உரி ஒன்று: அம்மா

இப்போது எதிர்ப்பக்கம். பட்டியல் போட்டால் எதுவுமே ஒட்டாத இரண்டு படங்கள்.

'மை நெய்பர் டோட்டோரோ' (1988): 1950களின் கிராமப்புறம், நெல்வயல், பெரிய கற்பூர மரம், அதன் அடியில் உருண்டு திரண்ட ஒரு ஜந்து. 'சுசுமே' (2022): இன்றைய ஜப்பான், கைவிடப்பட்ட இடங்களில் நிற்கும் கதவுகள், கதவு திறந்தால் நிலநடுக்கம், நடமாடும் மூன்று கால் நாற்காலி. முன்னது மாட்டுவண்டி வேகத்தில் போகும். பின்னது தெற்கே கியூஷு தீவில் கிளம்பி வடகிழக்கு வரை படகிலும் ரயிலிலும் காரிலும் ஓடும்.

ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்று: அம்மா இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயத்தை ஒரு குழந்தை எப்படித் தாங்கும்?

டோட்டோரோவில் சட்சுகி, மேய் என்ற சகோதரிகளின் அம்மா மருத்துவமனையில் இருக்கிறாள். வீட்டுக்கு வருவதாக இருந்த நாள் தள்ளிப்போகிறது. தந்தி வந்ததும் எப்போதும் பெரியவளாக நடந்துகொள்ளும் சட்சுகி, அம்மா செத்துப்போனால் என்ன செய்வது என்று உடைந்து அழுகிறாள். சின்னவள் மேய் ஒரு சோளக்கதிரைத் தூக்கிக்கொண்டு, அதைக் கொடுத்தால் அம்மாவுக்குச் சரியாகிவிடும் என்று தனியாகக் கிளம்பிவிடுகிறாள். இங்கே கவனிக்க வேண்டியது டோட்டோரோ என்ன செய்கிறது என்பதை. அது அம்மாவைக் குணப்படுத்துவதில்லை. நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. காணாமல்போன தங்கையிடம் அக்காவைக் கொண்டு சேர்க்கப் பூனைப் பேருந்தை வரவழைக்கிறது, அவ்வளவுதான். மியாசாகியின் சிறுவயதில் அவர் அம்மா பல வருடம் காசநோயில் படுத்திருந்தவர் என்பது தெரிந்தால், அந்தத் தந்திக் காட்சி இன்னும் கொஞ்சம் கனக்கும்.

சுசுமேயின் அம்மாவை 2011 ஆழிப்பேரலை கொண்டுபோய்விட்டது. அவளுக்கு அப்போது 4 வயது. அந்த நாளிலிருந்து அவளுடைய நாட்குறிப்பின் பக்கங்கள் முழுவதும் கறுப்பாகக் கிறுக்கப்பட்டிருக்கின்றன. படத்தின் முடிவில், 17 வயது சுசுமே மறுவுலகில் தன்னையே 4 வயதுக் குழந்தையாகச் சந்திக்கிறாள். பனியில் அம்மாவைத் தேடி அழுதுகொண்டிருக்கும் அந்தக் குழந்தையிடம், நீ வளர்வாய், நான்தான் உன்னுடைய நாளை என்கிறாள். இத்தனை வருடம் கனவில் வந்தது அம்மா என்று நினைத்திருந்தாள். வந்தது அவளேதான்.

டோட்டோரோ குழந்தைகளுக்குக் கொடுத்தது துணை. சுசுமேக்குத் துணையாக வருவது அவளுடைய சொந்த எதிர்காலம். அம்மா பிழைப்பாள் என்று தெரிந்த கதையில் ஒரு விதமான விடை, அம்மா வரவே மாட்டாள் என்று தெரிந்த கதையில் வேறு விடை. இரண்டிலும் மாயம் மரணத்தைத் திருத்துவதில்லை. மாயப் படம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த ஜோடியைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

ஒரு சின்ன நினைவூட்டல்: கரு ஒன்றாக இருந்தால் உரியும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், கரு வேறானால் உரியும் வேறு என்றும் நம்ப வேண்டாம்.

ஒரே படத்துக்குள் மூன்று விடைத்தாள்

ஒப்பிட எப்போதும் இரண்டு படம் வேண்டும் என்பதில்லை. நல்ல படம் தன் கேள்வியை உள்ளேயே பலரிடம் கொடுத்து எழுத வைக்கும். இதற்கு 'மோனோனோகே' மாதிரி ஒரு படம் கிடைப்பது அரிது.

கதை ஓர் இரும்புக் குண்டில் தொடங்குகிறது. உடலில் குண்டு பாய்ந்த ஒரு காட்டுப்பன்றித் தெய்வம், வலியிலும் வன்மத்திலும் பேயாகி, வடகிழக்கில் ஒதுங்கி வாழும் எமிஷி மக்களின் ஊரைத் தாக்க வருகிறது. ஊரைக் காக்க அம்பு விட்ட இளைஞன் அஷிடாகாவின் கையில் சாபம் ஒட்டிக்கொள்கிறது. அது எலும்பு வரை பரவிக் கொன்றுவிடும். அவன் குடுமியை அறுத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறான், இனி ஊருக்கு அவன் செத்தவன். குண்டு வந்த திசையைத் தேடிப் போனால், அங்கே ஈபோஷி என்ற பெண் நடத்தும் இரும்பு உலை ஊர்.

ஈபோஷியை வில்லி என்று எழுதுகிறவர்கள் உலையின் கணக்கைப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்து ஜப்பானிய முறைக்கு 'தாதாரா' என்று பெயர். இரும்பு மணலையும் மரக்கரியையும் மண் உலையில் போட்டு, காலால் துருத்தி மிதித்து உருக்குவது. மணலுக்கு மலையைத் தோண்ட வேண்டும், கரிக்கு மரத்தை வெட்ட வேண்டும். காட்டை அழிப்பது ஈபோஷியின் ஆசை இல்லை, அவள் தொழிலின் கணக்கு. அந்தத் தொழில் யாரைக் காப்பாற்றுகிறது? பெண்கள் உலைக்குள் வந்தால் இரும்புக்குத் தீட்டு என்று நம்பிய காலத்தில், விற்கப்பட்ட பெண்களை விலை கொடுத்து மீட்டு வந்து துருத்தி மிதிக்க வைத்திருக்கிறாள். எல்லோரும் ஒதுக்கிய தொழுநோயாளிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறாள். துப்பாக்கி செய்வது அவர்கள்தான். உடல் முழுக்கக் கட்டுப்போட்ட ஒருவர் படுக்கையிலிருந்தபடி, எங்களை மனிதர்களாக நடத்தியவர் இவர் ஒருவர்தான், கொன்றுவிடாதே என்று அஷிடாகாவிடம் மன்றாடுகிறார். அந்தக் காட்சிக்குப் பிறகு 'காட்டை அழிக்கும் கெட்டவள்' என்று எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை.

எதிரே சான். பெற்றோர் தங்கள் உயிருக்குப் பயந்து ஓநாய்த் தெய்வமான மோரோவின் முன்னால் வீசிவிட்டுப் போன குழந்தை. மோரோ வளர்த்தது. மனிதர்களை வெறுக்கும் மனிதப் பெண். மனுஷியாகவும் முடியாது, ஓநாயாகவும் முடியாது என்று வளர்த்த தாயே அவளைப் பற்றிச் சொல்கிறது.

ஒருவரை ஒப்பிடும்போது நான் நான்கு விஷயம் பார்ப்பது வழக்கம்: எதைக் காக்கிறார், எதை இழந்தவர், நெருக்கடியில் எதைத் தேர்கிறார், அதற்கு என்ன விலை கொடுக்கிறார். குணங்களை விட்டுவிடுவேன். 'தைரியம்', 'அன்பு' என்ற சொற்கள் எல்லா நாயகிக்கும் பொருந்தும், அதனால் யாரையும் பிரித்துக் காட்டாது.

இப்படிப் பார்த்தால் சானும் ஈபோஷியும் வியக்கும் அளவுக்கு நெருங்கி வருகிறார்கள். இருவரும் உலகம் தூக்கி எறிந்தவர்களின் பக்கம் நிற்கிறார்கள், சான் தானே எறியப்பட்டவள். இருவரும் தங்கள் கூட்டத்துக்காகச் சாகத் தயார். நெருக்கடியில் இருவரும் தேர்வதும் ஒன்றே, எதிரியைத் தீர்த்துக்கட்டுவது. எதிரெதிர் நிற்பதாக நாம் நினைத்த இருவரும் ஒரே விடையை எழுதியிருக்கிறார்கள்.

வேறு விடை எழுதுகிறவன் அஷிடாகா மட்டும்தான். அவன் நல்லவன் என்பதால் அது நடக்கவில்லை. வன்மம் அவனுக்குள்ளேயே, அந்தக் கையில், புழுப்புழுவாக நெளிகிறது. ஈபோஷியைப் பார்த்ததும் கை தானாக வாளை நோக்கிப் போகிறது. அதை இன்னொரு கையால் பிடித்து நிறுத்துகிறான். மற்ற இருவருக்கும் வெறுப்பு வெளியே எதிரி வடிவில் தெரிகிறது, இவனுக்கு மட்டும் அது தன் தோலில் தெரிகிறது. படம் மொத்தமும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது என்பது என் கருத்து.

விலை? ஈபோஷி ஒரு கையை இழக்கிறாள், வெட்டுண்டு கிடந்த மோரோவின் தலை அதைக் கவ்விக்கொண்டு போகிறது. சான் தன் தாயையும் காட்டின் தெய்வத்தையும் இழக்கிறாள். காடு மீண்டும் துளிர்க்கிறது, ஆனால் இது பழைய காடு இல்லை என்று அவளே சொல்கிறாள். அஷிடாகாவின் கையில் தழும்பு மெலிதாக மிச்சம் இருக்கிறது. உன்னைப் பிடிக்கும், மனிதர்களை மன்னிக்க முடியாது என்கிறாள் சான். பரவாயில்லை, நீ காட்டில் இரு, நான் உலை ஊரில் இருக்கிறேன், வந்து பார்க்கிறேன் என்கிறான் அவன். கல்யாணமும் இல்லை, சமாதான உடன்படிக்கையும் இல்லை. அந்தப் படத்தின் ஜப்பானிய விளம்பரத்தில் போட்டது ஒரே ஒரு சொல்: "வாழ்."

13 வருடம் முந்தைய 'நாவ்சிகா'வில் வரும் குஷானா என்ற இளவரசியை ஈபோஷியின் முன்வடிவம் என்பார்கள். ராட்சதப் பூச்சிகளால் கை இழந்தவள், நச்சுக்காட்டை எரிக்கப் புறப்பட்டவள். பொருத்தம் நிறைய. ஆனால் அந்தப் படத்தில் நச்சுக்காடு உண்மையில் மண்ணைச் சுத்தம் செய்துகொண்டிருப்பதை நாயகி கண்டுபிடித்துவிடுகிறாள், அதோடு குஷானாவின் வாதம் விழுந்துவிடுகிறது. ஈபோஷியின் வாதம் கடைசி வரை விழுவதில்லை.

வளர்ச்சி என்ற மயக்கம்

'கதையில் பாத்திரம் வளர வேண்டும்' என்பது இன்னொரு தேய்ந்த வாக்கியம். கிகியையும் சிஹிரோவையும் வைத்து அதைச் சோதித்துப் பார்க்கலாம், ஏனென்றால் இவர்கள் இருவரிடமும் உண்மையிலேயே ஒரே கேள்வி கேட்கப்படுகிறது: பிழைப்புக்காக வேலை செய்யும்போது நான் நானாகவே இருப்பேனா?

கிகி 13 வயது சூனியக்காரி. வழக்கப்படி வீட்டைவிட்டுத் தனியே ஒரு ஊருக்குப் போய்ப் பிழைக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை பறப்பது. அதை வைத்துப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில் தொடங்குகிறாள். கொட்டும் மழையில் நனைந்துகொண்டு ஒரு பாட்டி சுட்ட மீன் பலகாரத்தை (ஆங்கிலத்தில் pie) கொண்டுபோய்க் கொடுத்தால், இந்தப் பலகாரம் எனக்குப் பிடிக்காது என்கிறாள் பேத்தி. விளையாட்டாக இருந்தது வேலையாகிறது. பிறகு ஒருநாள் பறக்கவே வரவில்லை. சிஹிரோவிடம் தொடக்கத்தில் எந்த வித்தையும் இல்லை. தரை துடைக்கக்கூடத் தெரியாது. துடைத்துத் துடைத்து, துர்நாற்றம் அடிக்கும் ஒரு விருந்தாளியைக் குளிப்பாட்டி, அவர் உடலில் சிக்கியிருந்த சைக்கிளைக் கயிறு கட்டி இழுத்து, அவர் உண்மையில் குப்பையால் நிறைந்த ஓர் ஆற்றின் தெய்வம் என்று காட்டிக்கொடுக்கிறாள். (ஓர் ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது சைக்கிளை இழுத்த அனுபவம் மியாசாகிக்கே உண்டு.) ஒருத்தியை வேலை காலி செய்கிறது, இன்னொருத்தியை நிமிர்த்துகிறது.

இதில் வளர்ச்சி எங்கே? சிஹிரோவின் கதை வளர்ச்சிக் கதை அல்ல, ஏற்கனவே உள்ளே இருந்தது சூழ்நிலையால் வெளியே வந்த கதை என்ற பொருளில் மியாசாகி பேசியிருக்கிறார். கிகிக்கும் புதிய சக்தி எதுவும் கிடைப்பதில்லை, போனது திரும்புகிறது. தமிழில் 'தேறிவிட்டாள்' என்று ஒரு சொல் இருக்கிறது, காய்ச்சலிலிருந்து தேறுவது, பரீட்சையில் தேறுவது இரண்டுக்கும். இவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

மொழி மாறினால் பாத்திரமும் மாறும்

கிகியின் கறுப்புப் பூனை ஜிஜி அவளுடன் பேசும். சக்தி போனபோது அதன் பேச்சும் அவளுக்குப் புரியாமல் போகிறது. ஜப்பானிய மூலத்தில் கடைசி வரை அது மீண்டும் பேசுவதில்லை. பறத்தல் திரும்பியது, பூனையின் குரல் திரும்பவில்லை: குழந்தைப்பருவத்தில் ஏதோ ஒன்று போயேவிட்டது. 1998இல் வந்த ஆங்கில டப்பிங்கில் முடிவில் ஜிஜிக்கு ஒரு வரி வசனம் சேர்த்துவிட்டார்கள். ஒரு வரிதான், ஆனால் கிகி கொடுத்த விலையையே அது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே எந்த மொழியில் பார்த்தோம் என்பதையும் ஒப்பிடும்போது நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் 'காமி' என்ற சொல். ஆங்கிலச் சப்டைட்டில் அதை ஒரு தடவை கடவுள் என்றும் மறு தடவை ஆவி என்றும் எழுதும். ஜப்பானியர்கள் 'எண்பது லட்சம் காமி' என்பார்கள், எண்ணற்ற என்று பொருள். ஆறு, பாறை, மரம், முள்ளங்கி எதிலும் இருக்கலாம். எல்லாம் வல்லவர் அல்ல, களைத்துப்போய்க் குளிக்க வருவார், குண்டடிபட்டால் சாவார். 'கடவுள்' என்பதைவிட ஊர் எல்லையில் நிற்கும் 'சாமி' என்ற நம் சொல் காதுக்கு நெருக்கம். நெருக்கம்தான், அதே பொருள் என்று எடுத்துக்கொண்டால் மறுபடி பொருத்தம் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

நீங்கள் ஒன்று செய்து பாருங்கள்

என் அக்கா மகனுக்கு நான் கொடுத்த ஜோடி இது. கிப்லியின் மற்றொரு பெரிய இயக்குநர் இசாவோ தகஹாட்டா 1994இல் எடுத்த 'பாம் போகோ'. டோக்கியோவின் தாமா குன்றுகளை வெட்டிப் புதுநகரம் கட்டுகிறார்கள். அங்கே வாழ்ந்த தனுகி என்ற விலங்குகள், உருமாறும் வித்தை தெரிந்தவை, எதிர்த்துப் போராடித் தோற்கின்றன. படம் முழுக்கச் சிரிப்பும் கூத்துமாகப் போகும், சாவும் இருக்கும். அதன் பக்கத்தில் 'ஸ்பிரிட்டட் அவே'யின் ஹாகு. அவனுடைய ஆற்றை மூடி மேலே அடுக்குமாடி கட்டிவிட்டார்கள் என்பது ஒரே ஒரு வரியில் வந்து போகும். இடம் போனபின் அந்த இடத்தின் உயிர் எங்கே போகும் என்பது கேள்வி.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டான். "சித்தி, ஹாகு சூனியக்காரிகிட்ட வேலைக்குச் சேர்ந்துட்டான். தனுகியில உருமாறத் தெரிஞ்சதுங்க எல்லாம் கோட்டு டை போட்டு டோக்கியோவுல கம்பெனி வேலைக்குப் போகுதுங்க. கூட்டத்துல ரயில் ஏறுதுங்க, கண்ணுக்குக் கீழ கருவளையம்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "உருமாறத் தெரியாததுங்க என்ன ஆச்சுன்னு பாத்தீங்களா?"